வாங்கும் முன், வாங்கிய பின்: ஆர்எஸ்-232 கடிதங்கள்

கேள்வி: ஆம்ப்ளிஃபையரை, கட்டளை அனுப்பும் பழைய சீரியல் இணைப்பான ஆர்எஸ்-232 வழியே லேப்டாப்பிலிருந்து இயக்க ஆன்லைனில் யுஎஸ்பி–சீரியல் கேபிள் வாங்கினேன். விண்டோஸ் 11 'கோட் 10' (சாதனத்தைத் தொடங்க முடியவில்லை) என்கிறது. "உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு" என்று திருப்பி எடுக்க மறுக்கிறார் விற்றவர்.

பதில்: கோளாறு கேபிளில்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும், யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் ப்ரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சிப்பின் போலியாகவோ, தயாரிப்பு நின்றுபோன பழைய வகையாகவோ இருக்கும். ப்ரோலிஃபிக்கின் புதிய டிரைவர் இரண்டையுமே ஏற்காது. பழைய டிரைவரைத் தேடிப் போட்டால் ஓடும். அடுத்த அப்டேட்டில் மறுபடி படுத்துவிடும். எஃப்டிடிஐ நிறுவனச் சிப்பிலும் இந்தக் கதை உண்டு. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி முடக்கியது. தண்டம் அழுதவர்கள் தெரியாமல் வாங்கியவர்கள்தான். நானும் அப்படி வாங்கிய கேபிள்களைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

நீங்கள் விடாதீர்கள். 2020 மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அடுத்த கேபிளை வந்த அன்றே சோதியுங்கள். கேபிளின் ஒன்பது பின் முனையில் 2, 3 பின்களை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, புட்டி (PuTTY) என்ற டெர்மினல் மென்பொருளில் ஃப்ளோ கன்ட்ரோலை (தரவு ஓட்டக் கட்டுப்பாட்டை) அணைத்துவிட்டுத் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வந்தால் தரவு போய்வருகிறது. கம்பியை எடுத்துவிட்டு 3-க்கும் 5-க்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். மைனஸ் 5 வோல்ட்டோ அதற்கும் கீழோ காட்ட வேண்டும். பிளஸ் 3.3, பிளஸ் 5 என்று காட்டினால் அது டிடிஎல் (சிப்புகளுக்கிடையே ஓடும் குறைந்த வோல்ட் சிக்னல்), ஆர்எஸ்-232 அல்ல.

கேள்வி: ஒரே போர்ட்டில் ஒய் கேபிள் போட்டு இரண்டு டிஎஸ்பி (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) ஓட்டலாமா?

பதில்: கூடாது. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களும் ஒரே கம்பியில் முட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஃபோட்டோவில் ஒன்பது பின் சாக்கெட்டைப் பார்த்துப் பழைய ரெக்கார்டர் ஒன்றை வாங்கினேன். மேனுவல் இல்லை. எதற்கும் பதில் தரவில்லை. ஆர்டுயினோ (சிறு கன்ட்ரோலர் போர்டு) போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. காசு கொடுக்குமுன் கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறீர்கள்.

அந்தச் சாக்கெட்டில் ஆர்எஸ்-422 என்ற வேறு சீரியல் முறை வரலாம். வெறும் சுவிட்ச் இணைப்பும் வரலாம். வீடியோ ஸ்டுடியோக்களின் சோனி 9-பின் முறை, 38,400 பாட் (வேகம்), ஆட் பேரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்) கொண்ட ஆர்எஸ்-422. ஆர்எஸ்-232 தான் என்றே வைத்துக்கொண்டாலும் வேகம் கருவிக்குக் கருவி மாறும்: டெனான் ரிசீவர்களுக்கு 9600, பயாம்ப் நெக்ஸியா டிஎஸ்பிக்கு 38,400. கட்டளையும் அப்படித்தான். டெனானுக்கு எழுத்துகளும் கடைசியில் கேரேஜ் ரிட்டர்னும் (என்டர் அடித்தால் போகும் குறி) போதும். டாஸ்காம் ரெக்கார்டர்களின் முறையில் முதலில் லைன் ஃபீட் (புதுவரிக் குறி), பிறகு கருவி எண், கட்டளை, கேரேஜ் ரிட்டர்ன். 'பிளே' என்பது ஹெக்ஸில் (பதினாறடி எண்முறையில்) 0ஏ 30 31 32 0டி. புட்டியில் வெறுமனே 12 தட்டி என்டர் அடித்தால் முதல் பைட்டே போகாது. கருவி சும்மா இருக்கும்.

இதையெல்லாம் யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. 'ரிமோட் வசதி' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்துவிட்டு, கட்டளைப் பட்டியலை டீலருக்கு மட்டும் கொடுக்கிற நிறுவனங்கள் செய்வது அநியாயம். அந்தப் பட்டியல் கருவியின் ஒரு பாகம்; பணம் கொடுத்தவர் கைக்கு வர வேண்டியது. விலை பேசுமுன் பிடிஎஃப் கேளுங்கள். பாட், பேரிட்டி, பின் வரிசை, முடிவு எழுத்து, கருவி தரும் பதிலின் வடிவம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால், ரிமோட்டே இல்லாத கருவிக்கு என்ன விலையோ அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

உங்கள் மாடலின் ஆவணம் கிடைத்து, ஆர்எஸ்-232 என்று உறுதியானால், நேர் கேபிளையும் 2, 3 மாற்றிய நல்-மோடம் கேபிளையும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரேக் 40 மீட்டர் தள்ளி இருக்கிறது. கேபிளை நீட்டலாமா?

பதில்: 15 மீட்டரோடு நிறுத்துங்கள். ரேக்கிலேயே சீரியலை நெட்வொர்க்கில் இணைக்கும், மோக்ஸா என்போர்ட் 5110 போன்ற சீரியல் சர்வரை வைத்து, அதுவரை லேன் இழுங்கள். டிசிபி சர்வர் முறையில் அதன் 4001 என்ற நெட்வொர்க் போர்ட்டுக்குக் கட்டளை அனுப்பலாம். அந்த போர்ட் கடவுச்சொல் கேட்காது. விருந்தினர் வைஃபையோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

கேள்வி: சீரியல் கேபிள் செருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்' சத்தம்.

பதில்: கிரவுண்ட் லூப் (இரண்டு வழியாக எர்த் சேர்வது). மின்தொடர்பைப் பிரித்துத் தரவை மட்டும் கடத்தும் ஐசொலேட்டட் அடாப்டர் வாங்குங்கள். எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கேள்வி: சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறேன். ஆர்எஸ்-232 உண்டு என்று வாட்ஸ்அப்பில் சொல்லி, அது இல்லாத மாடலை அனுப்பிவிட்டார்கள். "தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது" என்கிறார்கள்.

பதில்: உங்களை மிரட்டப் பார்க்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தை விலக்கினாலும், சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. வாட்ஸ்அப் உரையாடல், பில், பின்பக்கப் பேனலின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். எழுத்தில் ஒப்புகை வாங்காமல் பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.