நாக்டிகால் சுரங்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் ரூர் வட்டார நிலக்கரி பற்றிய தங்கள் கட்டுரையில், விட்டன் நகரை ஒட்டிய முட்டன்டால் பள்ளத்தாக்கின் நாக்டிகால் சுரங்கம் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கி 1892இல் மூடப்பட்டது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ரூர் வட்டாரம் வளர்ந்துகொண்டிருந்த காலமல்லவா அது? இவ்வளவு முன்னதாகத் தொடங்கிய சுரங்கம் அப்போது ஏன் மூடப்பட்டது? கரி தீர்ந்துவிட்டதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கரி தீரவில்லை. தொடக்கத்தில் அந்தச் சுரங்கத்தை வாழவைத்த இடமே பிற்காலத்தில் அதற்குப் பாதகமாயிற்று.

ரூர் ஆற்றின் தென்பகுதியில் கரிப்படுகைகள் சாய்வாக மேலேறி வந்து நிலத்தின் மேற்பரப்பைத் தொடுகின்றன. பன்றி மேய்க்கும் சிறுவன் ஒருவன் மூட்டிய தீயில் கருங்கற்கள் விடியும்வரை கனன்றன என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். உழவர்கள் குழி வெட்டி, ஊற்றுநீர் நிரம்பும்வரை கரி எடுத்து, பிறகு பக்கத்தில் வேறு குழி வெட்டினார்கள் என்பதே நடந்தது. ஆக, முதல் நாளிலிருந்தே அங்கு எதிரி தண்ணீர்தான்.

இறைக்காமலே தண்ணீரை வெளியேற்றும் வழியை மலைச்சரிவு கொடுத்தது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மலைக்குள் மெல்லிய ஏற்றத்தோடு ஒரு பாதையைக் குடைந்துவிட்டால், அதற்கு மேலுள்ள படுகைகளின் நீர் தானாக வடிந்து ஆற்றுக்குப் போய்விடும். கரியும் அதே பாதையில் வெளியே வரும். இன்னும் தாழ்வான மட்டத்தில் பாதை வெட்டி அண்டைச் சுரங்கத்தின் நீரையும் வடித்துக்கொடுப்பவருக்கு, அந்தச் சுரங்கத்தின் விளைச்சலில் ஒன்பதில் ஒரு பங்கு சட்டப்படி உரிமையாக இருந்தது. நீராவி எந்திரத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் வருத்தம்.

அப்பகுதியை அப்போது ஆண்ட பிரஷ்ய அரசு 1766ஆம் ஆண்டில் கொண்டுவந்த சுரங்க ஒழுங்குமுறைக்குப் பிறகு, எங்கே வெட்டுவது, என்ன கூலி, என்ன விலை என்பதையெல்லாம் அரசின் சுரங்க அலுவலகமே தீர்மானித்தது; பங்குதாரர்கள் செலவைக் கொடுத்து, எஞ்சிய ஆதாயத்தைப் பெற்றுக்கொண்டார்கள். 1780இல், படகுகளை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் கட்டப்பட்டு ரூர் ஆறு படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதானபோது, ஆற்றங்கரையிலேயே இருந்த நாக்டிகாலுக்கு அது பெரிய அனுகூலம். பின்னர் பள்ளத்தாக்கின் உட்பகுதியிலிருந்து குதிரைகள் இழுக்கும் தண்டவாள வண்டிகளும் ஆற்றங்கரைக்குக் கரி கொண்டுவந்தன.

ஆனால் வடிகால் பாதைக்கு மேலுள்ள கரி மட்டுமே இவ்வளவு எளிதாகக் கிடைக்கும். அதற்குக் கீழே போவதற்காக 1832இல் நெப்டூன் என்ற செங்குத்தான சுரங்கக் குழியைத் தோண்டத் தொடங்கினார்கள். அது காலப்போக்கில் நானூறு மீட்டருக்கும் கீழே சென்றது. இயற்கை இனாமாகச் செய்த வேலையை இனி நீராவி எந்திரம் செய்ய வேண்டும், அந்த எந்திரமும் கரியைத் தின்னும். ஆற்றங்கரைச் சுரங்கத்தில் தண்ணீருக்கு ஓய்வில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கிடையே 1834இல் ஃபிரான்ஸ் ஹானியல் என்ற தொழிலதிபர் எஸ்ஸன் நகர் அருகே, வடக்கில் கரிப்படுகைகளை மூடியிருந்த சுண்ணாம்புக் களிப்பாறைப் போர்வையைத் துளைத்து, அதன் அடியிலிருந்த கரியை எட்டினார். இரும்பு உலைகள் கேட்ட கோக்கை (காற்றுப்படாமல் சுட்டெடுத்த கரியை) தயாரிக்க ஏற்ற கொழுத்த கரி வடக்கே மிகுதியாக இருந்தது. தெற்கில் பெரும்பாலும் ஆவிப்பொருள் குறைந்த, கோக்குக்கு அவ்வளவாகப் பொருந்தாத பழைய படுகைகள். 1847இல் கொலோன்–மின்டன் ரயில் பாதை வடக்கு வழியாகவே போயிற்று. 1865ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் வருவதற்குள் அரசின் நேரடி நிர்வாகமும் முடிவுக்கு வந்துவிட்டதால், விலையைத் தாங்கிப்பிடிக்க எவருமில்லை. சுமார் 1890இல் ரூர் ஆற்றின் கரிப் படகுகளும் நின்றுபோயின. அதன்பின் 1892 எதிர்பாராத ஆண்டல்ல.

மூடிய வளாகத்தில் ஒரு செங்கல் சூளை வந்தது. இப்போது அது அருங்காட்சியகம். கரி தீர்ந்துவிட்டதா என்ற உங்கள் கேள்விக்கு நேரடிச் சான்று வேண்டுமென்றால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய எரிபொருள் தட்டுப்பாட்டைப் பாருங்கள்: அந்தத் தென்சரிவுகளில் சிறு குழுக்கள் மறுபடியும் பக்கவாட்டுப் பாதைகளைக் குடைந்து, பழையவர்கள் விட்டுச்சென்ற கரியை வெட்டி விற்றார்கள்.