கதிரியக்கப் பொருளான அயோடின்-131இன் அரை ஆயுள் (இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம்) 8 நாள் என்றால், 16 நாளில் அது ஏன் முழுவதும் தீர்ந்துபோவதில்லை?

முதல் 8 நாளில் பாதி போனால் அடுத்த 8 நாளில் மீதியும் போக வேண்டுமே என்பதுதானே உங்கள் கணக்கு? அணுக்கருவுக்கு வயதாகும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதற்கு வயதே ஆவதில்லை. இன்று உருவான அயோடின்-131 அணுவும் ஒரு மாதம் தாக்குப்பிடித்த அணுவும் ஒன்றுதான். அடுத்த 8 நாளுக்குள் சிதையும் வாய்ப்பு இரண்டுக்கும் சரிபாதி. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடானுகோடி அணுக்கள் இருப்பதால் மொத்தக் கணக்கு மட்டும் பிசகாது. ஆகவே ஒவ்வொரு 8 நாளிலும் அப்போது இருப்பதில் பாதி போகும்: 100, 50, 25, 12.5.

மீதி = தொடக்க அளவு × (½)^(கடந்த நேரம் ÷ அரை ஆயுள்)

அடுக்கு முழு எண்ணாக இருந்தால் மனக்கணக்கே போதும். இடையில் விழுந்தால்தான் சறுக்கும். நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியன். ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் கணக்குதான் எங்களுக்குத் தினமும். அரை ஆயுள் 6 மணி நேரம். எலும்பு ஸ்கேனுக்குக் காலை 8 மணிக்கு 20 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளந்து வைத்தாயிற்று, நோயாளி டிராஃபிக்கில் மாட்டி 11 மணிக்கு வருகிறார். ஊசியில் எவ்வளவு இருக்கும்? பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் 15 என்பார்கள். 6 மணி நேரத்தில் 10 போனால் 3 மணி நேரத்தில் 5 போகுமாம்! விடை 14.1. (½)^0.5 என்பது 0.707, அதை 20ஆல் பெருக்குங்கள். முதல் 3 மணி நேரத்தில் 5.9 போகிறது, அடுத்த 3 மணி நேரத்தில் 4.1தான். இருப்பு குறையக் குறையச் சிதைவும் குறையும்.

தலைகீழாகவும் போடலாம். பத்தில் ஒரு பங்காக எத்தனை நாள்? லாக் 10ஐ லாக் 2ஆல் வகுத்தால் 3.32, அயோடினுக்கு ஏறக்குறைய 27 நாள். 10 அரை ஆயுள் கடந்தால் மிஞ்சுவது 1024இல் ஒரு பங்கு. பயன்படுத்திய ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் அதுவரை பூட்டி வைப்பது வழக்கம். டெக்னீசியத்துக்கு இரண்டரை நாள், அயோடினுக்கு 80 நாள். 1986இல் செர்னோபிலில் சிதறிய சீசியம்-137க்கு அரை ஆயுளே 30 ஆண்டு, 2016இல்தான் பாதியானது.

அப்புறம் ஒன்று, உடம்புக்குள் போன மருந்துக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. அது சிறுநீரிலும் வெளியேறும். அயோடின்-131ஐ உடம்பு 24 நாளில் பாதி வெளியேற்றும் என்று வைத்துக்கொண்டால், சிதையும் வேகத்தையும் வெளியேறும் வேகத்தையும் கூட்ட வேண்டும்: 1/8 + 1/24 = 1/6. அதாவது உடம்பில் இருப்பது 8 நாளில் அல்ல, 6 நாளிலேயே பாதியாகிவிடும்.