டென்ஸ் பயிற்சிக்குக் காசு கொடுக்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலத்தின் பன்னிரண்டு டென்ஸும் அட்டவணையாக மனப்பாடம். ஆனால் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் தப்புத் தப்பாக வருகிறது. இன்னொரு கிராமர் புத்தகம் வாங்கலாமா?

பதில்: அட்டவணைக்காக இன்னொரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். உங்களுக்குத் தேவை பயிற்சிப் புத்தகம். அதிலும் முக்கால்வாசி கழித்துக்கட்ட வேண்டியவைதான்.

கடையில் நின்றபடியே ஒரு பயிற்சிப் பக்கத்தைப் பாருங்கள். மேலே ‘பிரசன்ட் கன்டினியுவஸ்’ என்று தலைப்பு, கீழே பத்துக் கோடிட்ட இடம் என்றால், வாக்கியத்தைப் படிக்காமலேயே பத்திலும் ‘-இங்’ சேர்த்து நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். எந்த டென்ஸ் என்று முடிவு செய்யும் வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. நீங்கள் தடுமாறுவதோ அந்த முடிவில்தான். ஆகவே நாலைந்து பாடத்துக்கு ஒருமுறையாவது பல டென்ஸ்களைக் கலந்து கேட்கும் பயிற்சி இருக்கிறதா, கேள்வி வாக்கியமும் எதிர்மறையும் கேட்கிறார்களா என்று பாருங்கள். எதிர்மறையில்தான் ‘டிடின்ட் வென்ட்’ எட்டிப் பார்க்கும்.

தமிழ் பேசுகிறவர்கள் வழுக்கும் இடங்களும் சில உண்டு. ‘அஞ்சு வருஷமா இங்க இருக்கேன்’ என்பதை நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதனால் ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ வந்து விழுகிறது. சரியானது ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ‘யெஸ்டர்டே’ போல முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ் சீன்’ கூடாது, ‘சா’தான். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங்’ இரண்டும் தவறு. இந்த நான்கையும் தனியாகப் பயிற்றுவிக்கும் புத்தகம் என்றால் தைரியமாக வாங்கலாம்.

அடுத்து, பொருளடக்கத்தில் ஜெரன்ட், இன்ஃபினிடிவ், வெர்ப் பேட்டர்ன் என்ற தலைப்புகளைத் தேடுங்கள். ஒரு வினைக்குப் பின் வரும் அடுத்த வினை ‘-இங்’ வடிவமா, ‘டு’ வடிவமா என்பதைச் சொல்லும் பாடங்கள் இவை. மலிவான கைடுகள் இதை அரைப் பக்கப் பட்டியலோடு முடித்துவிடும். ‘என்ஜாய்’, ‘அவாய்ட்’, ‘ஃபினிஷ்’ இவற்றுக்குப் பின் ‘-இங்’. ‘வான்ட்’, ‘டிசைட்’, ‘ஹோப்’ இவற்றுக்குப் பின் ‘டு’. ‘லெட்’, ‘மேக்’ இரண்டிலும் ஆளைச் சொன்னபின் வெறும் வினை: ‘ஷி மேட் ஹிம் வெயிட்’. நடுவில் ‘டு’ போடுவது நம் ஊர்ப் பழக்கம். ‘ஹி சஜஸ்டட் மீ டு கோ’ என்பதும் அப்படி வரும் தவறுதான். ‘ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதை விட்டார். ‘ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்றால் புகைக்க நின்றார். பட்டியலைப் படித்து இந்த வித்தியாசம் பிடிபடாது, ஜோடி ஜோடியாக வாக்கியம் எழுதிப் பழக வேண்டும்.

ஆன்சர் கீ இல்லாத புத்தகம் தனியாகப் படிக்கிறவருக்கு வீண். ஒரே புத்தகம் விடையோடும், வகுப்பறைக்கென்று விடை இல்லாமலும் இரண்டு பதிப்பாக வருவதுண்டு. அட்டை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் ‘வித் ஆன்சர்ஸ்’ என்ற வரியையும் ஐஎஸ்பிஎன் எண்ணையும் பதிப்பகத்தின் தளத்தோடு ஒத்துப் பாருங்கள்.

வாங்கியபின் நாளுக்கு ஒரு பாடம், அரை மணி நேரம் போதும். விடையைப் புத்தகத்தில் நிரப்பாமல் நோட்டில் முழு வாக்கியமாக எழுதுங்கள். தப்பானவற்றை மட்டும் மூன்று நாள் கழித்தும், பிறகு ஒரு வாரம் கழித்தும் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. பத்து வருடத்தில் டென்ஸ் மாறிவிடவில்லை. பேனாவால் விடை நிரப்பிய பிரதி மட்டும் வேண்டாம். கடைசிப் பக்கங்களில் விடைகள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆன்லைன் பயிற்சிக்கான குறியீடு பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும், அதற்கென்று கூடுதல் காசு தராதீர்கள்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்ற இங்கிலீஷ் ஆப் ஒன்றைப் போட்டேன். பிடிக்காமல் அழித்துவிட்டேன். ஆனாலும் ஒரு வருடக் கட்டணம் போய்விட்டது.

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பட்டியலையும் பாருங்கள். பணம் போய் 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். தாண்டிவிட்டால் ஆப் நிறுவனத்துக்கு எழுதுங்கள். தானாகக் கழியும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. விடைகளைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க மட்டும் விடும் ஆப், சரியானதை அடையாளம் காணத்தான் பழக்கும். தட்டச்சு செய்ய வைக்கிறதா, தப்பானால் ஏன் என்று சொல்கிறதா என்று இலவச நாட்களிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ‘முப்பதே நாளில் சரளம், உத்தரவாதம்’ என்கிறது ஒரு பயிற்சி மையம். முழுக் கட்டணமும் முதலிலேயே கேட்கிறார்கள்.

பதில்: ஒரு கணக்குப் போடுவோம். தொடக்கத்திலிருந்து பி2 நிலையை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஆறில் நான்காம் படி) எட்ட ஏறத்தாழ 500 முதல் 600 மணி நேர வகுப்பு தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. தினம் இரண்டு மணி நேரம் என்றாலும் முப்பது நாளில் 60 மணி நேரம்தான். டென்ஸ் குழப்பத்தைச் சரிசெய்ய அது நல்ல தொடக்கம். ‘சரளம்’ என்பது வியாபாரப் பேச்சு.

சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை எழுத்துப் பயிற்சி, அவற்றைத் திருத்துவது யார். மூன்றாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தவணையில் கட்டக் கேளுங்கள். உத்தரவாதம் என்றால் எந்தத் தேர்வில் எந்த மதிப்பெண், எட்டாவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். விளம்பரத் துண்டறிக்கையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

சொன்னபடி நடத்தாவிட்டால் முதலில் மையத்துக்கு எழுத்தில் புகார், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அந்த ஒரு வரி உங்கள் புகாரைத் தள்ளுபடி செய்துவிடாது.