திருமண மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மோட்டல்

கேள்வி: மட்டக்களப்பு – பொத்துவில் பிரதான வீதியோரமாக, கல்முனைக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு காணி உண்டு. அமெரிக்காவில் இருப்பதைப் போன்ற மோட்டல் ஒன்றை அதில் கட்ட எண்ணியிருக்கிறோம்: எட்டு அறைகள், எல்லாவற்றுக்கும் ஏசி, பெரிய தொலைக்காட்சி, வைஃபை, முன்புறத்தில் ஒரு திருமண மண்டபம். சென்ற இதழில் தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதையும் படித்தேன். பெரிய வர்த்தகர்களும் கண்டுபிடிப்பாளர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை என்கிறார்கள். நமது கூத்துக் கலைஞர்களும் விடிய விடிய ஆடியவர்கள்தாமே? தூக்கத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பது சோம்பலுக்குத் துணைபோவது ஆகாதா? மோட்டல் தொழில் இங்கே எடுபடுமா?

– அம்பாறை மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: தூக்கம் அதிகம் தேவையில்லாத ஒன்று என்று வாதிடும் நீங்களே, அதை இரவுக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்கவும் போகிறீர்கள். தான் விற்கும் பொருளில் நம்பிக்கை இல்லாத வியாபாரியிடம் எவரும் இரண்டாம் முறை வரமாட்டார். உங்கள் பட்டியலில் தொலைக்காட்சி இருக்கிறது, வைஃபை இருக்கிறது, மண்டபமும் இருக்கிறது. மெத்தையைப் பற்றியோ, சுவரின் கனத்தைப் பற்றியோ, ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கும் என்பதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

முதலில் அமெரிக்கக் கதையைப் பார்ப்போம். அந்த நாட்டின் முதலாவது மோட்டல் 1925 டிசம்பர் 12ஆம் திகதி கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் திறக்கப்பட்டது. லொஸ் ஏஞ்சல்சுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஏறத்தாழ நடுவில் உள்ள ஊர் அது. அன்றைய கார்களில் அந்தத் தூரத்தை ஒரே நாளில் கடக்க இயலாது என்பதனால், ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் இடைவழியில் அதைக் கட்டினார். களைத்து வந்தவர் காரை அறை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் படுக்கலாம், அவ்வளவுதான் வியாபாரம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாடு தழுவிய அதிவேக நெடுஞ்சாலைகள் உருவாகத் தொடங்கியதும், வாகனங்கள் பழைய வீதிகளைக் கைவிட்டன. அவ்வீதிகளை நம்பியிருந்த எத்தனையோ மோட்டல்கள் படுத்துவிட்டன. பின்னாளில் அந்தத் தொழிலில் ஏறத்தாழப் பாதியைக் கைக்கொண்டவர்கள் குஜராத்திலிருந்து சென்ற குடும்பத்தினர். உரிமையாளர் தம் குடும்பத்தோடு மோட்டலிலேயே வசித்து, வரவேற்பு மேசையிலிருந்து படுக்கை விரிப்புச் சலவை வரை தாமே பார்த்துச் செலவைக் குறைத்தமையே அவர்களுக்குக் கைகொடுத்தது. உங்கள் வீட்டார் அதற்கு ஆயத்தமா என்பதை வங்கிக் கடனுக்கு முன்னர் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் காணி. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ஏறத்தாழ நூற்றுப்பத்துக் கிலோமீற்றர். போருக்குப் பிறகு வீதி கார்ப்பெட் இடப்பட்டு, 2013இல் கல்லடிப் புதிய பாலமும் திறக்கப்பட்டதன் பின்னர், அந்தத் தூரத்துக்குள் எவரும் களைத்து நடுவழியில் படுக்க வேண்டிய தேவை இல்லை. பொத்துவிலை அடுத்த அறுகம்பைக் கடற்கரையில் அலைச்சறுக்கலுக்கு வரும் வெள்ளைக்காரர் கடலைப் பார்த்துத் தங்குவாரேயொழிய உங்கள் வீதியைப் பார்த்துத் தங்கமாட்டார். அதிலும் அந்தப் பருவம் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையே. கதிர்காமப் பாதயாத்திரைக்காரரையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் கோயில் முன்றலில் சேலையை விரித்துப் படுத்துவிட்டு விடியுமுன் நடந்துவிடுவார்கள். உங்கள் அறைக்கு உண்மையாகவே வரக்கூடியவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் பின்னர் வருகிறேன்.

புதிய இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். தூக்க ஆய்வுக்கூடங்கள் 1960களிலிருந்தே அதைப் பதிவுசெய்து வந்திருக்கின்றன. 2016இல் அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தை நெருங்கினார்கள்: பழக்கமில்லாத இடத்தின் முதல் இரவில், ஆழ்ந்த தூக்கத்தின்போதும் மூளையின் இடது பாதியின் ஒரு பகுதி வலது பாதியைவிட ஆழங்குறைந்தே உறங்குகிறது, அசாதாரணமான ஒலி கேட்டால் அது விரைவாக விழித்துக்கொள்கிறது. வீட்டு நாயைப்போல அது வாசலில் படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டலுக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அங்கே முதல் இரவுதான் ஒரே இரவு. ஆகவே பக்கத்து அறைக் கதவு அடிபடும் சத்தமும், தண்ணீர் மோட்டரின் இரைச்சலும், விறாந்தையில் செருப்பு இழுபடும் ஓசையும் வீட்டில் இருப்பதைக்காட்டிலும் அங்கே அதிகமாக உறைக்கும். அந்த மூளைக்கு முன்னால்தான் நீங்கள் ஒரு திருமண மண்டபத்தைக் கட்டப்போகிறீர்கள்! இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தி 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் மாப்பிள்ளை வீட்டார் பாட்டை நிறுத்தச் சம்மதிக்கும் நேரத்தை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

ஏசியை நம்பி மேற்குச் சுவரை மறந்துவிடாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாலை வெயிலில் காய்ந்த சுவர் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். உடல் வெப்பம் சற்றே தணிந்தால்தான் தூக்கம் பிடிக்கும் என்பதனால், மின்சாரம் நின்ற பத்தாவது நிமிடத்தில் உங்கள் விருந்தாளி எழுந்து உட்கார்ந்துவிடுவார். மேற்கே மரம் நடுவது ஏசிக்கு மின்கட்டணம் கட்டுவதிலும் மலிவு.

நான்கு மணி நேரத் தூக்கத்தைப் பெருமையாகப் பேசியவர்களில் முதன்மையானவர் எடிசன். அவருடைய ஆய்வுகூட நூலகத்தில் ஒரு கட்டில் கிடந்தது. பகலில் அவர் குட்டித் தூக்கம் போடும் புகைப்படங்களும் இருக்கின்றன. இரவில் மிச்சம் பிடித்ததைப் பகலில் செலவழித்தவரை உதாரணம் காட்டி ஊழியர்களை விரட்டுவது நம் கடை முதலாளிகளுக்கும் பிடித்தமான வழக்கம். குறைந்த தூக்கத்திலேயே உடல்நலத்தோடு இருப்பவர்கள் இல்லாமல் இல்லை. அதற்குக் காரணமான மரபணு மாற்றமொன்று 2009இல் கண்டறியப்பட்டது. அத்தகையோர் மிக அரிது. வளர்ந்தோருக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பதே 2015இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் கூடி எடுத்த முடிவு. தொடர்ந்து குறைத்துத் தூங்குவதை உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றோடு அவை தொடர்புபடுத்துகின்றன. நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடவேண்டிய நிலையில் உள்ள நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கூத்தை நீங்கள் சாட்சிக்கு அழைத்திருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளில் எதுவாயினும், அரங்கேற்றத்தன்று களரியைச் சுற்றிப் பாயோடு வந்து அமர்ந்த ஊர், நடுச்சாமத்தில் பாதி உறங்கி, முக்கியமான பாத்திரத்தின் வரவுக்கு மத்தளம் ஓங்கும்போது விழித்து, விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்தது. பெரும்பாலும் வயல் வேலை ஓய்ந்த காலத்தையே அதற்குத் தெரிவுசெய்தார்கள். கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார் விடிய விடிய நின்றார் என்பதிலிருந்து அவர் வருடம் முழுவதும் நின்றார் என்று முடிவுகட்டக்கூடாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி மேடையேற்றியபோது, மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய நகரத்துப் பார்வையாளருக்கும் அது வசதியாயிற்று. கலையைத்தான் சாட்சிக்கு அழைப்பதென்றால் என்னிடமும் ஒன்று உண்டு: அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹொப்பர் 1957இல் ஒரு மோட்டல் அறையை வரைந்தார். கட்டிலில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், அருகில் பெட்டிகள், ஜன்னலுக்கு வெளியே கார். படுக்கை இருந்தும் அந்த அறையில் இளைப்பாறலின் சாயலே இல்லை. நீங்கள் வரைந்துள்ள திட்டம் எனக்கு அந்தப் படத்தையே நினைவூட்டியது.

இனி, உண்மையாகவே வரக்கூடியவர்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் கல்முனையில் இறங்கும் வியாபாரியும், கொள்வனவு முகவரும், நேர்முகப் பரீட்சைக்கு வரும் பிள்ளையும் ஒரு சாரார். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் வான் சாரதிகளும் லொறிச் சாரதிகளும் இன்னொரு சாரார். அவர்களுக்குத்தான் தூக்கம் மிக அவசியம். அவர்களுக்குத்தான் மிக மோசமான இடம் கிடைக்கிறது. பெரிய விடுதிகள் பலவற்றிலும் சாரதிக்கென ஒதுக்கப்படுவது சமையலறைக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறை, அதுவும் இல்லாவிட்டால் வானின் இருக்கை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. 24 மணி நேரமானால் அது 0.10 வீதத்துக்கு ஒப்பாகிறது. குடித்த சாரதியின் வானில் குடும்பத்தை ஏற்றமாட்டோம். தூங்காத சாரதியிடம் மட்டும் தேநீர் வாங்கிக் கொடுத்து, "மெதுவாப் போங்க தம்பி" என்று சொல்லி ஏறிவிடுகிறோம்.

ஆகவே மண்டபத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் அறைகளை வீதியிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டி, இரண்டை அரை வாடகையில் சாரதிகளுக்கு ஒதுக்குங்கள். சாரதி எங்கே நன்றாகத் தூங்குகிறாரோ அங்கேதான் அடுத்த முறை பயணிகளையும் அழைத்துவருவார். பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அறை தருவோம் என்ற கொழும்பு வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். காலை ஐந்து மணிக்குப் பஸ்ஸால் இறங்குபவருக்கு நண்பகல் வரை அரைநாள் வாடகையில் இருட்டான, சத்தமில்லாத ஓர் அறையும் கைகால் கழுவத் தண்ணீரும் கிடைத்தால், எட்டு அறை உங்களுக்குப் போதாமற்போகவும் கூடும்.