வணிகம் என்றால் என்ன, அது எங்கே தொடங்கியது?

வெறுமனே வாங்கி விற்பதெல்லாம் வணிகம் ஆகிவிடாது. லாபத்துக்காக முதல் போட்டு, நஷ்டத்துக்கும் துணிந்து, தொடர்ந்து செய்தால்தான் வணிகம். இந்த ஊரில்தான் தொடங்கியது என்று காட்ட முடியாது. ஆனால் அருமையான சான்று துருக்கியின் குல்தெபேயில் கிடைத்திருக்கிறது. சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஈராக்கில் இருந்த அசூர் நகர வணிகர்கள் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றி, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் போய் அங்கே வெள்ளிக்கு விற்றார்கள். பலர் முதல் போட்டு ஒருவரிடம் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் நடத்தி லாபத்தைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தமும் இருந்தது. கடன், வட்டி, வரி எல்லாம் 20,000-க்கு மேற்பட்ட களிமண் பலகைகளில் இருக்கின்றன. அப்புறம், நெய்து அனுப்பிய துணிக்குப் பணம் வரவில்லையே என்று மனைவிமார் எழுதிய கடிதங்கள்! சுங்கத்துக்குப் பயந்து குறுக்குவழியில் சரக்கு கடத்தியதும் அதிலேயே வருகிறது.