கன்னியர் சபை தொடங்குவது எப்படி? கேள்வி பதில்

சபை தொடங்க எத்தனை பேர் வேண்டும்?

திருச்சபைச் சட்டத்தில் துறவறச் சபைக்கென்று தனி எண்ணிக்கை கிடையாது. முதலில் மறைமாவட்டத் தலைவரான ஆயருக்குத் தெரியப்படுத்தி ஒரு சங்கமாக இயங்குவார்கள். நிலைத்து நின்றால் ஆயர் ஆணை எழுதிச் சபையாக நிறுவுவார். முன்பெல்லாம் ஆயர் ரோமைக் கலந்து பேசினால் போதும். 2020 நவம்பர் 10 முதல் ரோமிலுள்ள திருப்பீடத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட முடியும். ஆணை வரும்முன் துறவற உடை தைக்காதீர்கள். நிலத்தைத் தலைவியின் சொந்தப் பேரில் எழுதாதீர்கள். அவர் கண்மூடினால் அண்ணன் தம்பிகள் வாரிசுச் சான்றிதழோடு வந்து நிற்பார்கள்.

நவகன்னியர் பயிற்சியின்போது (வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது துறவற வாக்குறுதிக்கு, முந்தைய பயிற்சி) வீட்டுக்குப் போய் வரலாமா?

நாளை எண்ணிக்கொண்டு போகலாம். பயிற்சி அதற்கென்று குறித்த இல்லத்தில் 12 மாதம். வெளியே இருந்தது 15 நாளைத் தாண்டினால் ஈடுகட்ட வேண்டும். தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ 3 மாதத்தைத் தாண்டினால் பயிற்சியே செல்லாது. அதன்மேல் எடுத்த வார்த்தைப்பாடும் செல்லாது. புதிய சபைகள் சறுக்குவது இங்கேதான். போன தேதி, வந்த தேதி இரண்டையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

அன்னை தெரேசா லொரேட்டோ மடத்திலிருந்து ஓடிவந்தவர்தானே?

இல்லை. டார்ஜிலிங் ரயிலில், மடத்தை விட்டு வெளியேறும் அழைப்பை உணர்ந்தது 1946 செப்டம்பர் 10. கொல்கத்தா பேராயர் பெரியே அவரைக் காக்கவைத்தார். 1948-ல் ரோமின் அனுமதியோடு, வார்த்தைப்பாட்டை விடாமலே வெளியே வந்தார். அவர் தொடங்கியது, ஆயரின் ஆளுகையில் இருக்கும் மறைமாவட்டச் சபையானது 1950 அக்டோபர் 7. பாப்பரசரின் நேரடி ஆளுகைக்குள் வந்தது 1965.

குறைந்தபட்சம் எத்தனை பேர்?

முதல் பதிலைப் பாருங்கள்.

லொரேட்டோ சபைக்கு வேரான ஆங்கிலப் பெண் மேரி வார்டின் சபையை ரோம் ஏன் கலைத்தது?

1563-ல் திரெந்து பொதுச்சங்கம் கன்னியர் மடத்துக்கு அடைப்பைக் கட்டாயமாக்கியது: வாசலைத் தாண்டக்கூடாது. மேரி வார்ட் 1609-ல் செயின்ட் ஓமேரில் தொடங்கியதோ இயேசு சபை என்ற ஆண் துறவியர் சபையின் அச்சில் வார்த்தது. அடைப்பு இல்லை, ஊர் ஊராகப் பள்ளி, ஆயர்களுக்குக் கட்டுப்படாத ஒரே தலைவி. 1631-ல் பாப்பரசர் எட்டாம் உர்பான் கலைத்தார். மேரியை மியூனிக்கில் கிளாரா மடத்தில் அடைத்தார்கள். அங்கிருந்து எலுமிச்சைச் சாற்றால் கடிதம் எழுதினார். தாளை அனலில் காட்டினால்தான் எழுத்து தெரியும்.

பிடிவாதம் மேரி வார்டுடையது. பிரான்சில் வின்சென்ட் தெ பவுல் கூட்டிய சகோதரிகளும் தெருவில்தானே நடந்தார்கள், யார் தடுத்தது?

நல்ல அடி, ஆனால் பாதிதான் சரி. 1633-ல் வின்சென்டும் லூயிஸ் தெ மரியாக்கும் தொடங்கியபோதே "இவர்கள் கன்னியாஸ்திரிகள் அல்ல" என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வார்த்தைப்பாடு எடுத்தபோதும் ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பதுதான். சட்டத்துக்குப் பிடி கிடைக்கவில்லை. மேரி வார்ட் துறவியர் என்ற தகுதியையும் கேட்டார், திறந்த வாசலையும் கேட்டார். அடைப்பில்லாத சகோதரிகளைத் துறவியராக ரோம் முழுதாக ஏற்றது 1900-ல். 270 ஆண்டு முந்திக் கேட்டதைப் பிடிவாதம் என்பீர்களா?

அப்படியானால் கீழ்ப்படிதல் எதற்கு?

கலைப்பாணை வந்ததும் மேரி வார்ட் கீழ்ப்படிந்தார். அதையும் படியுங்கள்.

தமிழ்நாட்டில் பிறந்து உலகெங்கும் பரவிய சபை உண்டா?

மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்பாளர் சபை. மதுரை மிஷனில் வேறொரு சபையிலிருந்து பிரிந்து ஊட்டிக்குப் போன பிரெஞ்சுச் சகோதரிகள்தான் அதன் வேர். 1877 ஜனவரி 6-ல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அனுமதி தந்தார்.

நாங்கள் நான்கு பேர். தொடங்கலாமா?

ஆயரைப் பாருங்கள். உடை தைத்தாயிற்றா? பெட்டியில் வையுங்கள்.