நூலாம்படையில் கடவுள் தெரிவாரா?

"இயற்கையின் அழகில் கடவுளைப் பார்க்கிறேன் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் உண்மையிலேயே அப்படி உணர்ந்திருக்கிறீர்களா, சும்மா பேச்சுக்குச் சொல்வதுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உணர்ந்திருக்கிறேன். மலை, கடல், அருவி என்று கிளம்பிப் போன இடங்களில் ஒருநாளும் கிடைத்ததில்லை, அங்கெல்லாம் நான் போட்டோ எடுப்பதிலேயே இருந்துவிடுவேன். எனக்கு நடந்தது வீட்டு கேட் பக்கத்தில். சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால், வேண்டாவெறுப்பாக விடியற்காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய நாட்களில் ஒரு நாள், கேட்டுக்கும் பக்கத்துச் செடிக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை, இழைக்கு இழை பனித்துளி கோத்துக்கொண்டு, அப்போதுதான் எழுந்த வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறந்தால் அறுந்துவிடும். திறக்காமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அன்றைக்கு நடை போகவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் சிலந்திகளைப் பற்றித் தேடிப் படித்தேன். இப்படி வட்டமாக வலை பின்னும் சிலந்திகளில் பல வகைகள் பழைய வலையைத் தாங்களே தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னுகின்றன, அதுவும் பெரும்பாலும் இரவில். தின்ற நூலின் புரதம் மறுபடி நூலாகிவிடுகிறது. நடுவிலிருந்து ஆரக்கால் போலப் பிரியும் இழைகள் ஒட்டாது, அவற்றைச் சுற்றிவரும் சுருள் இழைதான் ஒட்டும். இதையெல்லாம்விட என்னை அசைத்தது வேறொன்று. இந்த வகைச் சிலந்திகளுக்குக் கண்பார்வை ரொம்ப மட்டம், காலால் தொட்டுத் தடவித்தான் மொத்த வேலையும். அதாவது நான் வாயைப் பிளந்து பார்த்த அந்த வலையை, பின்னிய சிலந்தி என்னைப்போல ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பூச்சி பிடிக்க வலை போதுமே. அதன்மேல் பனி இறங்கி வெயில் பட்டு ஜொலிப்பது சிலந்திக்கும் வேண்டாம், பூச்சிக்கும் வேண்டாம். பின்னே யாருக்கு? வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து ஏதோ வேலையாக இருக்கும்போது, உள் அறையில் ஆள் இருப்பது திடீரென்று தெரியுமே, சத்தம்கூட வந்திருக்காது, அந்த மாதிரி இருந்தது. அதைத்தான் நான் கடவுள் என்கிறேன்.

இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். "இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதே, படைத்தவன் இல்லாமலா?" என்ற வாதத்தில் எனக்கே நம்பிக்கை கிடையாது. எனக்கு ஜொலித்த அதே வலை ஈக்குக் கொலைக்களம். 1860இல் சார்லஸ் டார்வின், ஆசா கிரே என்ற தாவரவியலாளருக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவின் உடலுக்குள்ளேயே தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளை, நல்லதையே நினைக்கும் எல்லாம் வல்ல கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். என்னிடம் இதற்குப் பதில் இல்லை. அழகை மட்டும் கடவுள் கணக்கில் வரவு வைத்துவிட்டு, கொடூரத்தை வேறு யார் தலையிலோ கட்டுவது நேர்மையாகப் படவில்லை. ஆனாலும் அந்தக் காலையில் எனக்கு நடந்தது நடந்ததுதான்.

அறிவியல் தெரிந்துவிட்டால் இந்த உணர்வு போய்விடும் என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் ஆனது. வானவில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால், உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து சுமார் 42 டிகிரி கோணத்தில் இருக்கும் மழைத்துளிகள்தான் சிவப்பை உங்கள் கண்ணுக்கு அனுப்புகின்றன. பக்கத்தில் நிற்பவருக்கு வருவது வேறு துளிகளிலிருந்து. தோளோடு தோள் ஒட்டி நின்றாலும் அவருடைய வானவில் வேறு, என்னுடையது வேறு. இது தெரிந்த பிறகு வானவில்லைப் பார்த்தால், ஊருக்கெல்லாம் பொதுவாகக் காட்டியதை நானும் பார்க்கிறேன் என்று தோன்றுவதில்லை, எனக்கென்று தனியாக அனுப்பியதைப் பார்க்கிறேன் என்றுதான் தோன்றுகிறது.

ஒன்று கவனித்திருக்கிறேன். கோரிக்கைப் பட்டியலை ஒப்பிக்கும் என் வழக்கமான பிரார்த்தனையில் இது வந்ததே இல்லை, கேட்பதற்கு ஒன்றுமே தோன்றாமல் நின்ற நேரங்களில்தான் வந்திருக்கிறது. சரி, வரவழைக்க முடியுமா என்றால், முடியாது. மறுநாள் அதே நேரத்துக்கு ஆசையாகப் போய் நின்றேன். வலை இருந்தது, பனி இருந்தது, வெயிலும் இருந்தது. எனக்கு ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது.

என் மனைவிக்கு அது வெறும் நூலாம்படை. அந்த ஞாயிற்றுக்கிழமையே துடைப்பத்தால் இழுத்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஒன்று. இப்போதெல்லாம் கேட்டின் ஒரு கதவை மட்டும் பாதி திறந்து, வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து வெளியே போகிறேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார்.